சந்தேகித்தவரின் கல்லறையில் சந்தேகம்

இத்தாலியின் கிழக்குக் கரையில், அப்ருத்ஸோ மாநிலத்தில், ஏட்ரியாட்டிக் கடலைப் பார்த்த மேட்டின் மேல் இருக்கும் சிறிய துறைமுக நகரம் ஓர்த்தோனா. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே குறையொன்றுமில்லை. 15ஆம் நூற்றாண்டின் அரகோன் கோட்டை உண்டு. அந்தக் கரைக்கே உரிய, கடலுக்குள் மரக்கால்கள் நட்டுக் கட்டிய மீன்பிடி மேடைகள் உண்டு. இசையமைப்பாளர் பிரான்செஸ்கோ பாவ்லோ தோஸ்தி பிறந்த ஊர் என்ற பெருமையும் உண்டு. ஆனால் பல நூற்றாண்டுகளாக அந்த ஊருக்குத் திருப்பயணிகளை இழுத்து வருவது வேறொன்று. அங்குள்ள பேராலயத்தின் நிலவறையில், பீடத்துக்குள், தங்கமுலாம் பூசிய செம்புப் பேழையில் சில எலும்புகள் இருக்கின்றன. இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான புனித தோமையாரின் எலும்புகள் அவை என்கிறது அந்த ஊர். அதே தோமையார் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று மயிலாப்பூரின் சாந்தோம் ஆலயத்தைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் வணங்கிவருகிறார்கள். அவர் நினைவைச் சுமக்கும் பரங்கிமலையையும் சின்னமலையையும் அறிந்த தமிழர் ஒருவர் ஓர்த்தோனாவின் நிலவறையில் நின்றால், அவர் மனத்தில் எழக்கூடிய முதல் கேள்வி எளியது: இவை உண்மையிலேயே அவருடையவையா? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இதற்கு விடை கிடைத்தால்தான் அங்கே மண்டியிட முடியும் என்ற எண்ணத்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை. புனிதரின் எலும்பு போன்ற திருப்பண்டம் நம்பிக்கைக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட பொருள் என்று எடுத்துக்கொண்டால்தான் அப்படித் தோன்றும். தோமையாரின் மரபையே கவனமாகப் படித்தால், அது தொடக்கத்திலிருந்தே வேறொன்றைச் சொல்லிவந்திருக்கிறது.

முதலில் வரலாறு எதுவரை கைகொடுக்கிறது என்று பார்த்துவிடலாம். 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழி வழங்கிய பகுதியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூல், அவர் இந்தியாவில் கொல்லப்பட்டதாகவும் அவரது எலும்புகள் மேற்கே கொண்டுபோகப்பட்டதாகவும் சொல்கிறது. 373இல் இறந்த கவிஞரும் இறையியலாளருமான எஃப்ரேம், அதே பகுதியின் எடெஸ்ஸா நகரில் அந்த எலும்புகள் இருப்பதைப் பாடியிருக்கிறார். அந்த நூற்றாண்டின் இறுதியில் எடெஸ்ஸாவுக்குப் போன எஜீரியா என்ற திருப்பயணி, தோமையாரின் நினைவிடத்தில் செபித்ததைத் தன் பயணக் குறிப்பில் எழுதிவைத்தார். 1144இல் எடெஸ்ஸா முஸ்லிம் ஆட்சியாளர் செங்கியின் படையிடம் வீழ்ந்தது. அதன்பின் எலும்புகள் ஏஜியன் கடலின் கியோஸ் தீவுக்குப் போயின என்பது மரபு. 1258இல், கிழக்கு மத்தியதரைக் கடலில் வெனிஸும் ஜெனோவாவும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், ஓர்த்தோனாவின் கப்பல் தலைவர் லியோனே அச்சயுவோலி கியோஸில் இறங்கி, எலும்புகளையும் கல்லறையின் மேல்கல்லையும் எடுத்துக்கொண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஊர் திரும்பினார். அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. புனிதர் ஒருவரின் மார்பளவு உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. தோமா என்ற பெயர் கிரேக்க எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1259ஆம் ஆண்டின் தோல் ஆவணம் ஒன்று, எலும்புகள் தோமையாருடையவைதாம் என்பதற்கான சாட்சியத்தைப் பதிவுசெய்திருக்கிறது. அப்படியானால், எலும்புகள் வந்து சேர்ந்த அடுத்த ஆண்டே ஊர்க்காரர்களுக்குச் சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. ஐயம் நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டியதில்லை.

இந்தச் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் ஒரே வலுவுடையவை அல்ல. எடெஸ்ஸாவில் 4ஆம் நூற்றாண்டில் தோமையாருக்கு ஒரு நினைவிடம் இருந்தது என்பது உறுதி. 1258க்குப் பின் ஓர்த்தோனாவில் எலும்புகள் இருந்துவருவதும் உறுதி. இடையில், எடெஸ்ஸாவிலிருந்து கியோஸுக்கு எப்போது, யார் கையால் என்பது தெளிவில்லாத இடம். அதைவிடப் பெரிய இடைவெளி, இந்தியாவுக்கும் எடெஸ்ஸாவுக்கும் நடுவில் இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறதே என்றால், கிரேக்கம் எழுதத் தெரிந்த ஒரு சமூகம் அந்தக் கல்லறையைத் தோமையாருடையது என்று நம்பியது என்பதைத்தான் அந்தக் கல் காட்டும். அதற்கு மேல் காட்டாது. அறிவியல் ஆய்வும் ஓரளவுக்குத்தான் உதவும். எலும்பைக் கொண்டு ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, என்ன உயரம், எந்தக் காலம் என்று சொல்லலாம். பெயர் சொல்லமுடியாது. ஒப்பிட்டுப் பார்க்கத் தோமையாரின் உறவினர் யாருடைய எச்சமும் நம்மிடம் இல்லை. ஆய்வு அவரல்ல என்று ஒருவேளை நிறுவக்கூடும். அவர்தான் என்று ஒருநாளும் நிறுவாது. போதாக்குறைக்கு, பத்மோஸ் தீவின் மடம் அவரது மண்டையோடு தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறது. ரோமின் திருச்சிலுவைப் பசிலிக்கா அவரது விரல் தன்னிடம் என்கிறது. 1523இல் மயிலாப்பூரில் தோண்டிய போர்த்துகீசியர், எலும்புகளும் ஈட்டி முனையும் கிடைத்ததாக எழுதிவைத்தார்கள். 1543இல் திருப்பண்டங்களைப் பற்றி நூல் எழுதிய சீர்திருத்தவாதி கால்வின், ஒரே புனிதரின் உறுப்பு எத்தனை ஊர்களில் இருக்கிறது என்று எண்ணிக் கேலி செய்தார். தோமையார் விஷயத்திலும் அந்தக் கேலிக்கு இடமிருக்கிறது.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வழக்கமாக வரும். ஆதாரம் இல்லாததால் இதெல்லாம் ஏமாற்று என்பார் ஒருவர். ஆதாரம் போதுமானது, கல்லும் ஆவணமும் மரபும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பார் மற்றவர். எதிரெதிர் அணியில் நின்றாலும் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: பேழைக்குள் இருக்கும் எலும்பு ஒரு வழக்கின் சாட்சிப் பொருள், அது செல்லுமா செல்லாதா என்பதே கேள்வி. அந்த அடிப்படையே தவறு. ஒரு பேச்சுக்கு, அந்த எலும்புகள் தோமையாருடையவை என்று நூற்றுக்கு நூறு நிறுவப்பட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அதனால் என்ன கூடியது? தோமா என்றொருவர் வாழ்ந்தார், இறந்தார் என்பது நிறுவப்பட்டது, அவ்வளவுதான். அவர் சாட்சி சொன்ன உயிர்ப்பு உண்மை என்பதை அந்த எலும்பு நிறுவாது. உயிர்ப்பை நம்பாத ஒருவர் அதே எலும்பைப் பார்த்து, நேர்மையான ஒரு மனிதர் தவறாக நம்பி உயிர்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மிக உண்மையான திருப்பண்டமும் நம்புவதற்கும் நம்பாததற்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு அடிகூடக் குறைப்பதில்லை. ஆதாரம் தேடி நிலவறைக்கு இறங்குகிறவர், எலும்பு மெய்யானாலும் பொய்யானாலும், தேடி வந்தது கிடைக்காமல்தான் ஏறிவருவார்.

தோமையாரைப் பற்றிய மூலக்கதையே இதைச் சொல்கிறது. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், மற்றச் சீடர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே இல்லாத தோமா, ஆணிகளின் தழும்பில் விரலையும் விலாவில் கையையும் இட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து, கதவுகள் பூட்டியிருக்க, இயேசு வந்து நின்று தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். அடுத்து வருவது தோமாவின் அறிக்கை: தன் ஆண்டவர், தன் கடவுள் என்று ஏற்றுக்கொள்கிறார். அவர் தொட்டாரா? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. கரவாஜ்ஜோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள் நுழைந்திருக்கிறது. சுற்றி நிற்கும் சீடர்கள் நெற்றி சுருங்கக் குனிந்து பார்க்கிறார்கள். நம் நினைவில் பதிந்திருப்பது அந்த ஓவியத்தின் தோமா. நற்செய்தியில் இருப்பது அழைப்பும் அறிக்கையும் மட்டுமே. இடையில் ஒரு விரல் நீண்டதா இல்லையா என்பதை எழுதியவர் விட்டுவிட்டார். தொட்டுத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக நின்றவருக்கு, தொடச்சொல்லி அழைத்தவரைக் கண்டதே போதுமானதாயிற்று என்று படிப்பதுதான் அந்த மௌனத்துக்குப் பொருத்தம். காணாமல் நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்பது இயேசு அப்போது சொன்னதன் சாரம். அந்தப் பேற்றுக்கு உரியவர்கள்தாம் பின்னாளில் அதே தோமாவின் எலும்பைக் காணக் கடல் கடந்து போனார்கள். இதில் முரண் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தோமாவின் ஆசை கண்டிக்கப்பட்டதே தவிர மறுக்கப்படவில்லை, அழைப்பு வந்தது. தொட விரும்புவது குற்றமல்ல. தொட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்புத்தான் பிழை. தோமாவின் முன் நின்றவர் உயிரோடு பேசினார். பேழை பேசாது. அதன் முன் நிற்பவர், கண்ணால் கண்டுகொண்டே காணாதவராகத்தான் நிற்கிறார்.

'தோமாவின் பணிகள்' இதை இன்னும் துணிச்சலாகச் சொல்கிறது. அந்நூலின் கடைசிப் பகுதியில், தோமையாரைக் கொல்லச் செய்த மன்னர் மஸ்தாயின் மகனைப் பேய் பிடிக்கிறது. திருத்தூதரின் எலும்பு ஒன்றை எடுத்து மகன் கழுத்தில் கட்டினால் குணமாவான் என்று மன்னர் கல்லறையைத் திறக்க நினைக்கிறார். உயிரோடு இருந்தபோது நம்பாதவர் இறந்தபின் நம்பப்போகிறாரா என்று தோமையார் காட்சியில் தோன்றிக் கேட்கிறார். மன்னர் கல்லறையைத் திறந்தால் எலும்பு இல்லை. சீடர் ஒருவர் ஏற்கெனவே மேற்கே எடுத்துப்போய்விட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளி மகனுக்குக் கட்டுகிறார். மகன் குணமடைகிறான். இந்தக் கதை நடந்ததா என்பது வேறு கேள்வி. தோமையாரின் திருப்பண்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து எப்படிப்பட்டது என்பதே இங்கே முக்கியம். அதில் கல்லறை வெறுமையாக இருக்கிறது. அற்புதத்துக்கு எலும்பு தேவைப்படவில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுக்குப் பின், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாபார் என்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் இதையே எழுதுகிறார்: தோமையார் மாண்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், நீரில் கலந்து காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே வருகிறார்கள். அவர் எழுதும்போது ஓர்த்தோனாவில் எலும்புகள் வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தோமையாரின் உடல் சோழமண்டலக் கரையில் இருக்கிறது என்றே இத்தாலியரான அவர் எழுதினார். எலும்பு எங்கே என்பது அன்றும் தீராத கேள்வி. அது தீராதது பக்தியைத் தடுக்கவில்லை.

ஆதாரம் இல்லையென்றால் திருப்பண்டத்தின் வேலைதான் என்ன? நினைவை ஒரு சமூகத்தின் பொறுப்பாக மாற்றுவது அதன் வேலை. ஒரு பெயரை நினைத்துக்கொள்வது எளிது, எதையும் கேட்காது. ஒரு பேழையை ஏற்றுக்கொண்டவர்கள் அதற்கு ஒரு கூரை கட்டவேண்டும், விளக்கேற்றவேண்டும், திருநாள் கொண்டாடவேண்டும், ஆபத்தில் காப்பாற்றவேண்டும். ஓர்த்தோனாவின் 760க்கும் மேற்பட்ட ஆண்டுகளின் வரலாறு அந்தப் பொறுப்பின் வரலாறு. 1566இல் பியாலே பாஷாவின் ஒட்டோமான் கடற்படை ஊருக்குள் புகுந்து ஆலயத்துக்குத் தீவைத்தது, எலும்புகள் தப்பின. 1943 டிசம்பர் 20 முதல் 28 வரை கனடிய வீரர்களும் ஜெர்மானிய வான்குடைப் படையினரும் ஓர்த்தோனாவின் தெருக்களில் வீடு வீடாகச் சண்டையிட்டார்கள். தெருவில் இறங்கினால் குண்டு பாயும் என்பதால், ஒரு வீட்டின் சுவரைத் தகர்த்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்து முன்னேறினார்கள் கனடியர்கள். பேராலயத்தின் பாதி இடிந்து, குவிமாடம் வெட்டிப் பிளந்ததுபோல் நின்றது. அந்தப் போர்க்காலத்தில் ஊர் மக்களில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடிழந்த மக்கள் அந்த ஆலயத்தை மீண்டும் எழுப்பி 1949இல் திறந்தார்கள். இன்றும் மே மாதத்தின் முதல் ஞாயிறன்று வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாக எடுத்துப்போய், புனிதரின் திருப்பண்டம் உள்ள மார்பளவுச் சிலையின் கதவைத் திறக்கிறார்கள். முதல் நூற்றாண்டின் எலும்பு அங்கே இருக்கிறதா என்பது நிறுவப்படாதது. இந்தத் தொடர்ந்த காவல் நிறுவப்பட்ட உண்மை. திருப்பயணி சந்தேகமில்லாமல் தொடக்கூடியது அதுதான்.

இங்கே ஒரு கடினமான மறுப்பு எழுகிறது. காவல்தான் முக்கியம் என்றால், எந்த எலும்பை வைத்தாலும் போதுமே? ஒரு மோசடிக்காரன் தெருநாயின் எலும்பைப் பேழையில் வைத்து, ஊரும் அதை எழுநூறு ஆண்டு காத்துவந்தால் அதுவும் புனிதமா? நெடுங்காலம் காக்கப்பட்ட பிழை பிழைதானே? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இதற்கான விடையின் ஒரு பாதியை 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தருகிறார்: புனிதரின் உடலுக்குச் செலுத்தும் வணக்கம் உடலுக்காகச் செலுத்தப்படுவதல்ல, அது அந்த ஆளுக்கு, அவர் வழியாக அவர் சேவித்த கடவுளுக்குப் போகிறது. ஓர்த்தோனாவில் மண்டியிடுகிறவர் தோமையாரை நினைத்தே மண்டியிடுகிறார். பேழையில் இருப்பது யாரோ ஒருவரின் எலும்பாகவே இருந்தாலும், அவரது வணக்கம் அந்த யாரோ ஒருவருக்குப் போய்விடுவதில்லை. விடையின் மறுபாதி, ஏமாற்றுகிறவரைப் பற்றியது. ஏமாந்தவரின் வணக்கம் செல்லும். ஏமாற்றியவரின் குற்றம் அதனால் மன்னிக்கப்படாது. இந்த வேறுபாட்டைத் திருச்சபையே செய்திருக்கிறது. 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தபின் ஐரோப்பாவில் திருப்பண்டங்கள் பெருகின. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பழைய திருப்பண்டங்களை விற்பனைக்கு வைக்கக்கூடாது என்றும், புதியவற்றைத் திருத்தந்தையின் ஒப்புதல் இல்லாமல் வணங்கக்கூடாது என்றும், ஆலயத்துக்கு வருகிறவர்களைக் கட்டுக்கதைகளாலும் போலி ஆவணங்களாலும் ஏமாற்றக்கூடாது என்றும் விதித்தது. மக்களின் பக்தியைக் கண்டிக்காமல், அதைக் காசாக்கிய பொய்யைக் கண்டித்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். உண்மை முக்கியமில்லை என்பதல்ல என் வாதம். உண்மையைச் சொல்லவேண்டிய கடமை திருப்பண்டத்தை வைத்திருப்பவர் மீது முழுமையாக இருக்கிறது. ஐயம் தீராதபோது ஐயம் தீரவில்லை என்று சொல்வதும் அந்தக் கடமையில் அடங்கும்.

வரலாற்றை முன்வைத்து இன்னொரு மறுப்பு வரும். கிறிஸ்தவம் வரலாற்றில் நடந்த ஒன்றின் மேல் நிற்கும் மதம். கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நம்பிக்கை வீண் என்று பவுலே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க எலும்பின் வரலாற்றை மட்டும் எப்படித் தள்ளிவைப்பது? பவுல் அந்த ஒன்றின் மேல்தான் எல்லாவற்றையும் வைத்தார். ஓர்த்தோனாவின் எலும்புகள் எந்த விசுவாச அறிக்கையிலும் இடம்பெற்றதில்லை. குறிப்பிட்ட ஒரு திருப்பண்டம் மெய்யானது என்று நம்பும் கடமை எந்தக் கத்தோலிக்கருக்கும் கிடையாது. அது மற்ற வரலாற்றுச் செய்திகளைப் போல ஆதாரத்தின் எடைக்கேற்ப ஏற்கவோ ஐயுறவோ கூடியது. அந்த எடை காலத்துக்குக் காலம் மாறுவதும் உண்டு. 'தோமாவின் பணிகள்' குறிப்பிடும் கொண்டபோரஸ் என்ற மன்னர் வெறும் கற்பனை என்று கருதத்தக்கவராக இருந்தார். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதிகளில் அவரது நாணயங்கள் கிடைத்தபின், முதல் நூற்றாண்டில் அப்படியொரு மன்னர் இருந்தது தெரிந்தது. நூல் சொல்வதெல்லாம் நடந்தது என்று இதனால் ஆகிவிடாது. முற்றிலும் புனைவு என்று ஒதுக்குவது கடினமாயிற்று, அவ்வளவே. வரலாறு இப்படித்தான் நகரும்: ஓர் அங்குலம் முன்னே, சிலசமயம் பின்னே. அந்த நகர்வுக்கேற்ப ஒருவர் தன் செபத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்றால், அவர் நம்புவது தோமையார் சாட்சி சொன்னவரை அல்ல, கடைசியாக வந்த ஆய்வுக் கட்டுரையை.

அப்படியானால் பயணம் எதற்கு? வீட்டிலேயே செபிக்கலாமே என்ற கேள்வி 4ஆம் நூற்றாண்டிலேயே கேட்கப்பட்டது. எருசலேமுக்குப் போய்வந்த ஆயர் நைசாவின் கிரெகோரி, இடம் மாறுவதால் ஒருவர் கடவுளுக்கு நெருக்கமாகிவிடுவதில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் சொன்னது சரி. கடவுள் ஓர்த்தோனாவில் அதிகமாகவும் மயிலாப்பூரில் குறைவாகவும் இருப்பதாகச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. மாறுவது பயணிதான். செலவும் அலைச்சலும் ஏற்று ஒரு இடத்துக்குப் போய் நிற்கும்போது, தனக்கு முன்னும் அங்கே நின்றவர்களின் வரிசையில் ஒருவராக அவர் சேர்கிறார். எஜீரியா எடெஸ்ஸாவின் நினைவிடத்தில் செய்ததைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே செபித்தபின், தோமையாரைச் சேர்ந்த எழுத்துகளில் சிலவற்றை அந்த இடத்திலேயே வாசித்ததாகக் குறிப்பிடுகிறார். எலும்பை ஆராய அவர் போகவில்லை. வீட்டில் வாசிக்கக்கூடியதை, அந்த வாசகத்தைக் காத்துத் தந்தவர்களின் நடுவில் நின்று வாசிக்கப் போனார். நம்பிக்கை ஒருவர் மனத்துக்குள் முளைத்து அங்கேயே முடிந்துவிடும் கருத்தல்ல. அது கைமாறி வருவது. கையில் கொடுத்தவர்களின் ஊருக்கு ஒருமுறை போய்வருவது, அதை உடம்பால் ஒப்புக்கொள்ளும் வழி.

இன்னும் ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் சங்கடமானது. அந்த எலும்புகள் கியோஸிலிருந்து எடுத்துவரப்பட்டவை, கேட்டுப் பெறப்படவில்லை. மரபுக் கதைப்படி, லியோனே கியோஸின் ஆலயத்தில் செபிக்கும்போது ஒளிரும் கையொன்று அவரை அருகே அழைத்தது; கல்லறையின் திறப்பில் கைவிட்டு ஓர் எலும்பை எடுத்தார்; பிறகு இரவில் திரும்பி வந்து மேல்கல்லை நீக்கி மிச்சத்தையும் எடுத்தார். திருப்பண்டத் திருட்டை நியாயப்படுத்திய இடைக்காலக் கதைகள் பலவற்றின் அமைப்பு இதுவே: புனிதரே வர விரும்பினார், விரும்பாவிட்டால் அசைந்திருக்கமாட்டார். காயத்தில் கைவிட விரும்பிய தோமாவின் கல்லறையில் ஒருவர் கைவிட்டுத் தேடினார் என்று கதை அமைந்திருப்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. ஆனாலும் இழந்த கியோஸ் மக்களின் பக்கம் நின்று பார்த்தால் அது கொள்ளை. அதை மழுப்பினால் மேலே சொன்ன நேர்மைக்கு அர்த்தமில்லை. திருப்பண்டத்தைச் சொத்தாக எண்ணும் மனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1258 ஒரு சான்று. அதைப் பொறுப்பாக எண்ணுவது எப்படி இருக்கும் என்பதற்கு 1953 ஒரு சான்று. அவ்வாண்டு ஓர்த்தோனாவிலிருந்து தோமையாரின் கை எலும்பு ஒன்று கர்தினால் திஸ்ஸெராந்தின் வழியாகக் கேரளத்தின் கொடுங்கல்லூர் அருகே அழீக்கோட்டுக்கு அனுப்பப்பட்டது. எந்த நாட்டிலிருந்து எலும்புகள் கொண்டுபோகப்பட்டதாகச் சொல்லப்படுகிறதோ, அந்த நாட்டுக்கே ஒரு பங்கு கொடையாகத் திரும்பியது. தோமையார் இந்தியாவிலும் இருக்கிறார், எடெஸ்ஸாவிலும் இருக்கிறார் என்று எஃப்ரேம் 4ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். எலும்பைப் பங்கிடலாம், ஆளைப் பங்கிட முடியாது. அதனால் ஓர்த்தோனாவுக்குக் கிடைத்தது மயிலாப்பூருக்கு நட்டமாகாது.

ஓர்த்தோனாவுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், மோரோ ஆற்றருகே, 1943இன் சண்டையில் மாண்டவர்களின் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 1,300க்கும் மேற்பட்டோர் கனடியர்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் இருக்கின்றன. சில கற்களில் பெயர் இல்லை. யாரென்று கண்டறிய முடியாத வீரர்கள் அவர்கள். அந்தக் கற்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை. அடையாளம் தெரியாத வீரர் என்று ஒப்புக்கொண்டு, கடவுள் அறிவார் என்று விட்டுவிடுகின்றன. பூ வைக்க வருகிறவர் அந்தக் கல்லுக்குக் குறைவாகத் தலைவணங்குவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது மரியாதையைக் குறைக்கும் என்ற அச்சம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேடவேண்டியதில்லை. பேராலயத்தின் வழிகாட்டி ஒருவர் திருப்பயணிகளிடம், 1258 முதல் நாங்கள் இவற்றைத் தோமையாருடையவை என்று ஏற்றுக் காத்துவருகிறோம், அதற்கு முந்திய கதையை மரபாகச் சொல்கிறோம், உறுதியென்று சொல்லவில்லை என்று கூறினால் யாருக்கு என்ன நட்டம்? வந்தவர்களில் ஒருவேளை சிலர் ஏமாற்றத்தோடு திரும்பலாம். அவர்கள் தேடிவந்தது தோமையாரையல்ல, சந்தேகத்திலிருந்து விடுதலையை. அதைத் தரும் வல்லமை எந்தப் பேழைக்கும் இல்லை.

மயிலாப்பூருக்கும் இதே நேர்மை பொருந்தும். 1523இன் அகழ்வில் கிடைத்ததை ஆதாரமாக நீட்டி ஓர்த்தோனாவோடு போட்டியிடுவதும், ஓர்த்தோனாவின் கல்லைக் காட்டி மயிலாப்பூரை மறுப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். இரண்டு ஊர்களும் ஒரு மனிதரின் நினைவை இரண்டு வகையில் தாங்கிவந்திருக்கின்றன: ஒன்று அவர் அடங்கிய மண்ணாக, இன்னொன்று அவர் எலும்பாக. இரண்டுமே தீர்ப்புக்குக் காத்திருக்கும் வழக்குகள் என்றால் காத்திருப்பு முடியப்போவதில்லை. இரண்டும் கடமைகள் என்றால் இன்றைக்கே செய்ய வேலை இருக்கிறது: வருகிறவரிடம் பொய் சொல்லாமலிருப்பது, எடுத்ததைப் பகிர்வது, ஆதாரம் வந்தாலும் போனாலும் விளக்கை அணையவிடாமலிருப்பது. தோமா கேட்ட கேள்வியை நற்செய்தி மறைக்காமல் எழுதி, கேட்டவரையே திருத்தூதராக வைத்திருக்கிறது. அவர் பெயரால் நிற்கும் ஆலயங்களுக்கு, கேள்வி கேட்கிறவரைக் கண்டு அஞ்ச எந்த உரிமையும் இல்லை.